பல செயலிகளில் ஓடும் ஒரே கெர்னல்: பராமரிக்கவும் நவீனமாக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சி மொழியில் ஒரு கேரக்டர் மாறியில் −1 என்ற மதிப்பை வைத்துவிட்டு, அது பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று கேளுங்கள். இன்டெல் செயலிக்கான (பிராசசருக்கான) கம்பைலர் ‘ஆம்’ என்னும். ஆர்ம் செயலிக்கான கம்பைலர் ‘இல்லை’ என்னும். அங்கே அந்த மாறி குறியில்லா எண்ணாகக் கொள்ளப்படுவதால், −1 வைத்த இடத்தில் 255 இருக்கும். இரண்டு விடைகளும் சி மொழியின் விதிக்கு உட்பட்டவையே. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் பல்லாண்டுகள் இந்த இரட்டை விடையோடுதான் வாழ்ந்தது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த 6.2-ஆம் பதிப்பில்தான், எந்தச் செயலியாக இருந்தாலும் குறியில்லா எண் என்று கம்பைலருக்குக் கட்டளையிடப்பட்டது.

பல செயலிக் கட்டமைப்புகளை (செயலிக் குடும்பங்களை) தாங்கும் கெர்னலைப் பராமரிப்பது என்றால், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே நிரல் எழுதுவது என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. ஒரு செயலிக்கு மட்டுமே உரிய நிரலைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசிக் கட்டமைப்பிலிருந்தும் பழைய வடிவம் போன பிறகே ஒரு நவீனமாக்கல் முடிந்ததாகக் கணக்கு. பாதியில் நின்ற மாற்றம், தொடங்காத மாற்றத்தைவிட அதிகச் சுமை.

இந்த வழிகாட்டிக்கு லினக்ஸை எடுத்துக்கொள்கிறேன். சி மொழி தெரிந்து, ஒரு முறையாவது சொந்தக் கணினியில் கெர்னலைக் கம்பைல் செய்திருந்தால் போதும், தொடரலாம்.

படி 1: எல்லைக்கோட்டை அறிந்துகொள்ளுங்கள்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் இன்டெல் 386-க்கு மட்டுமே உரியது. அதை வேறு செயலிக்கு மாற்றும் எண்ணமே அப்போது இல்லை. 1995 மார்ச்சில் வந்த 1.2-ஆம் பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகியவை சேர்ந்தன. ஆல்ஃபா 64 பிட் செயலி. அதற்குக் கெர்னலைக் கொண்டுபோனபோதுதான் எது பொதுவானது, எது செயலிக்குரியது என்ற கோடு தெளிவாகப் போடப்பட்டது.

இன்று அந்தக் கோடு ‘ஆர்ச்’ என்ற கோப்புறையின் வாசலில் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ஓர் அறை. கணினி துவங்கும்போது ஓடும் முதல் வரிகள், பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் வாசல், பக்க அட்டவணைகள், ஒரு பணியிலிருந்து மற்றொரு பணிக்குத் தாவும் அசெம்பிளி நிரல், இடையில் துண்டிக்க முடியாத அணுச் செயல்கள், படிப்பு-எழுத்து வரிசையைக் காக்கும் நினைவகத் தடுப்புகள் ஆகியவை அங்கே இருக்கும். கோப்பு முறைமை, நெட்வொர்க், பணி ஒதுக்கீடு, பெரும்பாலான டிரைவர்கள் எல்லாம் வெளியே. வெளியே இருப்பவற்றில் எங்காவது ‘இது எந்தச் செயலி?’ என்ற கேள்வி தென்பட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பேட்ச் (திருத்தம்) அங்கே இருக்கக்கூடும்.

ஒரு கட்டமைப்பை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். ஒரே செயற்கூறை எக்ஸ்86, ஆர்ம் 64, ரிஸ்க்-வி மூன்றிலும் அருகருகே திறந்து வைத்துப் படியுங்கள். பிறகு எல்லாருக்கும் பொதுவான இயல்பு வடிவங்கள் உள்ள ‘ஏஎஸ்எம்-ஜெனரிக்’ கோப்புறையைப் பாருங்கள். ஒரு கட்டமைப்பு தனக்கென எதுவும் எழுதாவிட்டால் அங்கே உள்ளதே பயன்படும்.

பலர் கவனிக்காத ஒரு புதையலும் உண்டு. ஆவணக் கோப்புறைக்குள் ‘ஃபீச்சர்ஸ்’ என்ற பகுதியில், கெர்னலின் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. எந்தக் கட்டமைப்பில் அது வந்துவிட்டது, எதில் இன்னும் செய்யவேண்டியிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். ‘எங்கிருந்து தொடங்குவது?’ என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான்.

படி 2: உங்களிடம் இல்லாத செயலிகளுக்கும் கம்பைல் செய்யுங்கள்

உங்கள் மேசையில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினியாக இருக்கலாம். அதிலிருந்தே எல்லாக் கட்டமைப்புகளுக்கும் கெர்னலை உருவாக்க முடியும். மேக் கட்டளைக்கு இரண்டு மாறிகளைத் தருகிறோம்: இலக்குக் கட்டமைப்பின் பெயர் ஒன்று, அதற்கான குறுக்குக் கம்பைலரின் (வேறு செயலிக்கு நிரல் தரும் கம்பைலரின்) முன்னொட்டு மற்றொன்று. ஆயத்தமான ஜிசிசி குறுக்குக் கம்பைலர்கள் கெர்னலின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைக்கின்றன. கிளாங் கம்பைலர் என்றால் ஒரே நிறுவல் பல கட்டமைப்புகளுக்கு நிரல் தரும். ஒவ்வொன்றின் விளைவும் தனிக் கோப்புறைக்குப் போகுமாறு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் எச்சம் மற்றொன்றில் கலந்துவிடும்.

எல்லாவற்றையும் தினமும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று மாறுபட்ட குணமுள்ள சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள். என் பட்டியலில் எக்ஸ்86-64, ஆர்ம் 64, 32 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி ஆகியவற்றோடு எஸ்390-உம் எம்68கே-யும் கட்டாயம் உண்டு. எஸ்390 ஐபிஎம் பெருங்கணினிகளின் கட்டமைப்பு. அது 64 பிட், ஆனால் பைட்டுகளை அடுக்கும் வரிசை இன்டெலுக்கு நேர் எதிர். எம்68கே மோட்டோரோலாவின் பழைய 32 பிட் செயலி. அதிலும் பைட் வரிசை தலைகீழ்தான். அதோடு 4 பைட் எண்ணைக்கூட அது 2 பைட் எல்லையில் வைத்துவிடும். ஆகவே ஒரு ஸ்டிரக்சரின் உள்ளமைப்பைப் பற்றி நீங்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் அனுமானங்களை அது உடனே வெளிக்கொணரும். இவற்றை அருங்காட்சியகப் பொருள்களாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் நிரலை இவற்றைப்போல் கறாராகச் சோதிப்பவை வேறு இல்லை.

முதலில் அந்தந்தக் கட்டமைப்பின் இயல்பு அமைப்பில் கம்பைல் செய்யுங்கள். அடுத்து, இயன்ற அனைத்தையும் மாட்யூலாகக் கட்டும் அமைப்பு. பிறகு தற்செயல் அமைப்பு: அது தெரிவுகளைக் குலுக்கிப்போட்டு, எவரும் நினைத்துப் பார்க்காத சேர்க்கைகளை உண்டாக்கும். அங்கே கிடைக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்தவை. சிறியவைதான், ஆனால் விட்டுவிட்டால் பெருகும்.

படி 3: ஓட்டிப் பாருங்கள்

கம்பைல் ஆவது பாதிச் செய்திதான். கியூஎமு என்ற செயலிப் போலியில் மேற்சொன்ன ஆறையும் துவக்கலாம். அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸ் மட்டும் அடங்கிய சிறிய துவக்க வட்டுப் படம் ஒன்றை ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ஒருமுறை தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் எழுந்து, சீரியல் முனையத்தில் ஷெல் வந்து, சில சோதனைகள் ஓடி, தானாக அணையும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினால், காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் முடிவு தெரியும்.

கியூஎமு காட்டாத விஷயங்களும் உண்டு. கேஷின் (செயலிக்குள் உள்ள வேக நினைவகத்தின்) நடத்தையை அது அப்படியே நடித்துக் காட்டுவதில்லை. உங்கள் மடிக்கணினி இன்டெலாக இருந்தால், அதன் மேல் ஓடும் ஆர்ம் போலியில் நினைவக வரிசைப் பிழைகள் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். அவற்றுக்கு உண்மையான பலகை வேண்டும். நான்கு கோர் உள்ள ஒரு மலிவான ஆர்ம் 64 பலகையாவது வாங்கிவிடுங்கள்.

படி 4: ஐந்து பொறிகள்

முதலாவது பைட் வரிசை. வட்டிலிருந்தோ வலையிலிருந்தோ சாதனத்திலிருந்தோ வரும் எண்ணுக்கு இன்ன வரிசை என்று வகையிலேயே எழுதிவிடுங்கள். கெர்னலில் அதற்கெனத் தனி வகைகள் உள்ளன. 2003-இல் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற கருவி, வரிசை மாற்றாமல் கலக்கும் இடங்களைச் சுட்டிக்காட்டும்.

இரண்டாவது எண்ணின் அகலம். லினக்ஸில் லாங் வகை பாயிண்டரின் அகலத்தை ஒட்டியே இருக்கும்: 32 பிட் கட்டமைப்பில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். பயனர் நிரலோடு பகிரும் ஸ்டிரக்சரில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மூன்றாவது பக்க அளவு, அதாவது நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு. 4,096 என்ற எண் நம் கைகளில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஆல்ஃபாவில் பக்கம் 8 கிலோபைட். ஆர்ம் 64-இல் 4, 16, 64 கிலோபைட் என மூன்றில் எதுவும் இருக்கலாம். ஒரு வாடிக்கையாளருக்காக நான் பராமரித்த சேமிப்பு டிரைவரில் அந்த எண் ஓரிடத்தில் நேராக எழுதப்பட்டிருந்தது. மடிக்கணினியில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடியது, 64 கிலோபைட் பக்கம் உள்ள சர்வரில் தரவைக் கெடுத்தது. மூன்று இரவுகள் தேடினேன். அதற்குப் பிறகு, எவர் எழுதிய டிரைவரைப் பரிசீலித்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுகிறேன்.

நான்காவது சீரமைவு, அதாவது ஓர் எண் எந்த முகவரியில் தொடங்கலாம் என்பது. 4 பைட் எண்ணை ஒற்றைப்படை முகவரியிலிருந்து படித்தால் இன்டெல் பொறுத்துக்கொள்ளும். ஸ்பார்க் உடனே பிழைக் குறுக்கீடு எழுப்பும். பாயிண்டரை வகைமாற்றிப் படிக்காமல், இதற்கென உள்ள உதவிச் செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவதான நினைவக வரிசையில் சற்று நிற்க வேண்டும். ஒரு கோர் தரவை எழுதிவிட்டு, ‘ஆயிற்று’ என்று ஒரு கொடியை ஏற்றுகிறது. மற்றொரு கோர் கொடியைப் பார்த்ததும் தரவைப் படிக்கிறது. இன்டெல் செயலியில் ஒரு கோர் எழுதுபவை எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும், படிப்பவையும் வரிசை மாறுவதில்லை. ஆகவே கம்பைலர் எதையும் இடம் மாற்றாத வரை அந்த நிரல் ஓடும். ஆர்மிலோ பவர்பிசியிலோ அந்த உறுதி இல்லை. கொடி ஏறியிருக்கும், தரவு பழையதாக இருக்கும். பத்து லட்சம் முறையில் ஒருமுறை நடப்பதால், பிழை என்று கண்டுகொள்ளவே மாதங்கள் ஆகும்.

தீர்வு, எழுதும் பக்கத்தில் ‘ரிலீஸ்’ வகை எழுத்து, படிக்கும் பக்கத்தில் ‘அக்வயர்’ வகைப் படிப்பு. இரண்டும் இணையாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் பயன் தராது. எந்த எழுத்துக்கு எந்தப் படிப்பு இணை என்பதைக் குறிப்புரையில் எழுதுங்கள். கெர்னல் பரிசீலனையில் இதை வற்புறுத்துவார்கள், வற்புறுத்துவதும் சரியே.

ஆல்ஃபா இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு பாயிண்டரைப் படித்து, அது காட்டும் இடத்தைப் படித்தால்கூட அங்கே பழைய மதிப்பு கிடைக்கக்கூடும். அந்த ஒரு செயலிக்காகப் பொது நிரலில் பல இடங்களில் ஒரு தனித் தடுப்பு எழுத வேண்டியிருந்தது. 4.15-ஆம் பதிப்பில் அதை ‘ரீட் ஒன்ஸ்’ என்ற அடிப்படை மேக்ரோவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பிறகு பொது நிரல் எழுதுபவர்களுக்கு அந்தக் கவலை போயிற்று, சுமை ஆல்ஃபாவின் அறைக்குள் அடங்கியது. ஒரு செயலியின் விசித்திரத்தை அதன் எல்லைக்குள் அடக்குவது எப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இது. 4.17-இல் கெர்னலின் நினைவக மாதிரியே முறையான வடிவில் சேர்க்கப்பட்டது. சிறிய எடுத்துக்காட்டு நிரல்களை அதில் கொடுத்து, இந்த விளைவு நேரக்கூடுமா என்று சோதிக்கலாம். 5.8 முதல் உள்ள கேசிசான் என்ற கருவி, ஓடும் கெர்னலிலேயே, ஒரே தரவை இரு பணிகள் ஒழுங்கின்றித் தொடும் போட்டிநிலைப் பிழைகளைப் பிடிக்கிறது.

படி 5: நகல்களை ஒன்றாக்குங்கள்

நவீனமாக்கலின் நெஞ்சுப் பகுதி இது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24-க்கு முன்பு, 32 பிட் இன்டெலுக்கும் 64 பிட்டுக்கும் இரண்டு தனி அறைகள் இருந்தன. ஒன்றில் திருத்தியது மற்றொன்றுக்குப் போய்ச் சேராமலே இருந்துவிடும். கெர்னல் நிரலாளர்கள் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் இரண்டையும் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆர்மின் கதை இன்னும் பெரியது. ஒவ்வொரு பலகைக்கும் எந்தச் சாதனம் எந்த முகவரியில், எந்தக் குறுக்கீடு எந்த எண்ணில் என்பதெல்லாம் சி நிரலாகவே எழுதப்பட்டுவந்தது. பலகைகள் பெருகப் பெருகக் கோப்புகளும் பெருகின. 2011-இல் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். விடை பழைய இடத்திலிருந்தே வந்தது. ஸ்பார்க், பவர்பிசி கணினிகளின் ஓபன் ஃபர்ம்வேர் என்ற துவக்க மென்பொருளில் இருந்த சாதன மரம் என்னும் கருத்தில், வன்பொருள் விவரம் நிரலிலிருந்து பிரிந்து தரவாக மாறுகிறது. கெர்னலை ஏற்றித் துவக்கும் பூட்லோடர் அதைக் கெர்னலிடம் கொடுக்கிறது. 2012 டிசம்பரின் 3.7-ஆம் பதிப்பில், பல ஆர்ம் சில்லுகளுக்கு ஒரே கெர்னல் என்பது சாத்தியமானது. அதே பதிப்பில் நுழைந்த ஆர்ம் 64-இல் பலகைக் கோப்புகளுக்கு இடமே தரப்படவில்லை.

நீங்கள் இப்படியொரு வேலையை எடுத்தால், அதன் வரிசை இதுதான். எல்லாக் கட்டமைப்புகளின் வடிவங்களையும் படித்து, வேறுபாடுகளில் எது வன்பொருளால் வந்தது, எது எழுதியவரின் வசதியால் வந்தது என்று பிரியுங்கள். இரண்டாம் வகையே மிகுதி என்பதைக் காண்பீர்கள். பிறகு பொது வடிவத்தை எழுதி, கேகான்ஃபிக் என்ற கெர்னல் அமைப்பு முறையில் ஒரு தெரிவின் பின்னால் வையுங்கள். ஒரு பேட்சுக்கு ஒரு கட்டமைப்பு என மாற்றுங்கள். இடையில் எந்தப் பேட்சில் நிறுத்தினாலும் கெர்னல் கம்பைல் ஆகி ஓட வேண்டும். கடைசியில் பழைய வடிவத்தையும் அந்தத் தெரிவையும் சேர்த்து அழியுங்கள். ஒரே மாதிரி மாற்றம் நூற்றுக்கணக்கான கோப்புகளில் தேவைப்பட்டால் கையால் செய்யாதீர்கள். நிரலின் பொருளை உணர்ந்து மாற்றும் கோக்சினெல் என்ற கருவி இருக்கிறது.

‘செட் எஃப்எஸ்’ என்ற செயற்கூறு இந்த வரிசைக்கு நல்ல சாட்சி. 386-இன் எஃப்எஸ் ரெஜிஸ்டர் வழியே பயனர் நினைவகத்தை அணுகிய காலத்தின் பெயர் அது. பின்னர் அந்த ரெஜிஸ்டரின் வேலை போனது, பெயர் நின்றது. பயனர் முகவரி எல்லையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் கருவியாக அது மாறியது. தளர்த்திய எல்லையைத் திரும்பப் போடாமல் விட்டால் கெர்னல் நினைவகமே திறந்துவிடும். 2010-இல் அப்படி ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. 2020 இறுதியின் 5.10-இல் எக்ஸ்86-உம் பவர்பிசியும் அதை விட்டன. மற்றவை ஒவ்வொன்றாக வந்து, 2022-இன் 5.18-இல் கெர்னலிலிருந்தே நீங்கியது. பத்துப் பன்னிரண்டு கட்டமைப்புகளைக் கடைசிவரை விடாமல் இழுத்துவந்தவர்களின் பொறுமை இல்லையென்றால், அது இன்றும் ஒரு மூலையில் கிடந்திருக்கும்.

படி 6: வாசலுக்கு வெளியே எதையும் உடைக்காதீர்கள்

உள்ளே அழிப்பதே நவீனமாக்கல். பயனர் நிரலோடு உள்ள எல்லையில் விதி தலைகீழ்: அங்கே சேர்க்கத்தான் முடியும். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்காகப் பழைய சிஸ்டம் கால்களின் (பயனர் நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகளின்) பொருளை மாற்றவில்லை. 64 பிட் நேரம் ஏற்கும் புதியவற்றை அருகில் வைத்தார்கள். 2020 மார்ச்சின் 5.6-இல் அந்தப் பணி பெரும்பாலும் நிறைவடைந்தது. பழைய பைனரிகள் இன்றும் ஓடுகின்றன.

சிஸ்டம் கால் எண்களும் முன்பு ஒவ்வொரு கட்டமைப்பிலும் வேறாக இருந்தன. 2019-இன் 5.1-இலிருந்து, புதிதாக வருபவை எல்லாவற்றிலும் ஒரே எண் பெறுகின்றன. எண் அட்டவணைகளில் ஆல்ஃபா மட்டும் 110-ஐக் கூட்டிக்கொள்ளும். புதிய சிஸ்டம் கால் சேர்க்கும்போது ஒரு கட்டமைப்பின் அட்டவணையை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தாதீர்கள், எல்லா அட்டவணைகளையும் ஒரே முறையில் நிரப்புங்கள்.

படி 7: மொழியும் கம்பைலரும்

கெர்னல் நெடுங்காலம் 1989-ஆம் ஆண்டின் சி தரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 5.18-இல் 2011-ஆம் ஆண்டின் தரத்துக்கு மாறியது. பட்டியலைச் சுற்றும் மாறியைச் சுழலுக்குள்ளேயே அறிவித்து, வெளியே தவறாகப் பயன்படுவதைத் தடுக்க வேண்டும் என்பதே அதற்கான உந்துதல். இத்தகைய மாற்றத்துக்கு முன், குறைந்தபட்சக் கம்பைலர் பதிப்பு உங்கள் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள். 2022 டிசம்பரின் 6.1-இல் ரஸ்ட் மொழிக்கான அடித்தளம் வந்தது, தொடக்கத்தில் எக்ஸ்86-64-க்கு மட்டும். ரஸ்ட் கம்பைலர் எல்எல்விஎம் என்ற கம்பைலர் அடித்தளத்தைச் சார்ந்தது என்பதால், அது எட்டாத கட்டமைப்புகளுக்கும் தேவைப்படும் மையப் பகுதியில் அதை நுழைக்காமல் டிரைவர்களிலிருந்து தொடங்கியது சரியான முடிவு.

படி 8: எதை விடுவது?

386-க்கான ஆதரவு 3.8-ஆம் பதிப்பில் நீங்கியது. ஒப்பிட்டு மாற்றும் அணுக் கட்டளை அதில் இல்லை. அதற்காக வைத்திருந்த மாற்று வழிகள் எக்ஸ்86 நிரல் முழுவதையும் சிக்கலாக்கின. 2018-இல் 4.17-ஆம் பதிப்பு பிளாக்ஃபின், கிரிஸ், டைல் உள்ளிட்ட எட்டுக் கட்டமைப்புகளை ஒரே மூச்சில் நீக்கியது. இட்டானியம் 2021-இல் பராமரிப்பாளர் இல்லாதது என்று குறிக்கப்பட்டு, 2024 ஜனவரியின் 6.7-இல் நீங்கியது. ஆனால் அவற்றில் பலவற்றைவிட மிகவும் பழைய எம்68கே இன்றும் இருக்கிறது. பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், புதிய கெர்னலைத் துவக்கிப் பார்க்கிறார்கள், பொது மாற்றங்களுக்கு உடனுக்குடன் ஈடுகொடுக்கிறார்கள்.

ஆகவே வயதைப் பார்க்காதீர்கள். இன்றைய கம்பைலர் அதைத் தாங்குகிறதா, அண்மைப் பதிப்பை எவராவது துவக்கினார்களா, கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால், முதலில் பராமரிப்பாளர் பட்டியலில் அதைக் கைவிடப்பட்டதாகக் குறியுங்கள். சில பதிப்புகள் காத்திருங்கள். பிறகு நீக்குங்கள். நீண்டகாலப் பதிப்பு ஒன்று அதன் பயனர்களுக்குச் சில ஆண்டுகள் தரும்.

புதியது வரவும் இதே ஒழுங்குதான் வழிவிடுகிறது. ரிஸ்க்-வி 2018 ஜனவரியின் 4.15-இல் நுழைந்தது. அதே ஆண்டில் சென்னை ஐஐடியின் சக்தி செயலியில் லினக்ஸ் துவங்கியது. திறந்த கட்டளைத் தொகுதியும் ஆயத்தமான பொதுக் கெர்னலும் இருந்ததால், ஒரு கல்விக் கூடத்தின் குழு கோப்பு முறைமையையும் நெட்வொர்க்கையும் தானே எழுத வேண்டியிருக்கவில்லை.

படி 9: அனுப்புங்கள், பிறகு கண்காணியுங்கள்

பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து உரியவர்களைக் கண்டுபிடித்துத் தரும் ஸ்கிரிப்ட் கெர்னலோடே வருகிறது. பேட்சில் உங்கள் கையொப்ப வரி இருக்க வேண்டும். பழைய பிழையைத் திருத்துகிறீர்கள் என்றால், அது நுழைந்த கமிட்டையும் (பதிவான மாற்றத்தையும்) குறிப்பிடுங்கள். எந்தெந்தக் கட்டமைப்பில் கம்பைல் மட்டும் செய்தீர்கள், எதில் ஓட்டினீர்கள் என்பதை நேர்மையாக எழுதுங்கள். கம்பைல் மட்டும் செய்ததை ‘சோதித்தேன்’ என்று எழுதினால் அதன் விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

ஏற்கப்பட்ட பேட்ச் முதலில் அடுத்த பதிப்புக்கான சோதனை மரத்தில் (நிரல் களஞ்சியத்தில்) சேரும். அங்கே தானியங்கிகள் பல கட்டமைப்புகளில் கம்பைல் செய்து குறை சொல்லும். இரண்டு வார இணைப்புக் காலத்தில் முதன்மை மரத்துக்குப் போகும். பிறகு ஏழெட்டு முன்னோட்டப் பதிப்புகள் வாரம் ஒன்றாக வரும். அந்த வாரங்களில் வெளியூர் போகாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டிராத பலகையிலிருந்து ‘துவங்கவில்லை’ என்று ஒருவர் சொல்லலாம். அவரைக் கிட் என்ற பதிப்புக் கருவியின் இருபாதித் தேடலை ஓட்டச் சொல்லுங்கள். 10,000 கமிட்டுகளுக்கிடையே குற்றவாளியைப் பிடிக்க ஏறத்தாழ 14 முறை துவக்கிப் பார்த்தால் போதும். படி 5-இல் ஒவ்வொரு பேட்சும் தனியாக ஓட வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நடுவில் ஒன்று கம்பைல் ஆகாமல் கிடந்தால் அவருடைய தேடல் அங்கேயே நின்றுவிடும். முடிவு உங்கள் பேட்சைக் காட்டினால், அன்றைக்கே திருத்தம் அனுப்புங்கள். திருத்தம் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பேட்சைத் திரும்பப் பெற்று, அடுத்த பதிப்பில் மீண்டும் கொண்டுவாருங்கள்.